பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்

அக்டோபர் 7, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் ஒரு கப்பல் கம்பெனி கொடுத்தது. ஒன்பது மாதம் வெள்ளையாகவே கிடந்தது. எழுத என்ன இருந்தது? இன்று இருக்கிறது. இன்று முதல் என் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு.

பத்தொன்பது வருடமாகத் தூத்துக்குடியில், துறைமுகம் போகும் சாலையில் இருக்கும் இந்தத் தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்து இறங்கும் சோளம், பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் அரைத்து, கரைத்து, வடிகட்டி, அளவு பார்ப்பவள் நான். சான்றிதழை அடிப்பவளும் நான். கையெழுத்து மட்டும் முதலாளி ரொசாரியோ சார். அவருக்குப் பருப்புக்கும் சோளத்துக்கும் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது.

இன்று காலை கூப்பிட்டு, என் பெயர் போட்ட ரப்பர் முத்திரையை மேசையில் வைத்தார். "இனிமே நீயே போடு குளோரி. எனக்குக் கை நடுங்குது" என்றார். கை நடுங்கவில்லை, எனக்குத் தெரியும். கப்பல்காரர்களோடு சண்டை வந்தால் இனி என் தலையில் கட்டலாம், அவ்வளவுதான். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தாறு வயது. கல்யாணப் பதிவேட்டில்கூடப் போடாத கையெழுத்து. வீட்டுக்கு வந்து பழைய செய்தித்தாள் ஓரத்தில் இருபது தடவை போட்டுப் பார்த்தேன்.

எங்கள் சான்றிதழ் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி உண்டு. "இம்முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்." அதை நான் பார்க்காமலே அடிப்பேன். விரலே அடித்துவிடும். இனி அந்த வரிக்குக் கீழே என் பெயர்.

அக்டோபர் 9, புதன்

முதல் கையெழுத்து. கடல் தாண்டி வந்த மக்காச்சோளம், ஆறாயிரம் டன். நான்காம் எண் குடோனில் கொட்டியிருக்கிறார்கள். ஒரு நாட்டில் விளைந்து, இன்னொரு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் ஏறி, மூன்றாவது நாட்டுத் தரகன் பெயரில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே ஒரு கட்டுச் சான்றிதழ்.

பூஞ்சை நஞ்சு: 4. பதினைந்து வரை விடலாம். நூறு கோடிப் பங்கில் நாலு பங்கு என்று அர்த்தம். அவ்வளவு சின்ன அளவைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். பூஞ்சை பிடித்த தானியத்தில் ஊறும் இந்த நஞ்சு ஈரலைத் தின்னும். சமைத்தாலும் போகாது. இந்தச் சோளத்தில் பயமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மரபணு மாற்றம்: 1.3. நூற்றுக்கு ஒன்றுதான் விடலாம். இதில்தான் வினை. ஊருக்குள் விடக் கூடாத சோளம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதற்கும் கையெழுத்துப் போட்டேன், 'தேறவில்லை' என்று. முதல் நாளே ஒரு கப்பலை நிறுத்திவிட்டேன். சார் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

சோதித்த பிறகு மிஞ்சும் மாதிரியை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம். முந்திரி என்றால் அடிதடி. சோளத்துக்கு ஆள் இல்லை. இரண்டு கிலோவை அடுத்த வீட்டுச் சந்தனமாரியின் வான்கோழிகளுக்குக் கொடுத்தேன். ஒன்பது வளர்க்கிறாள், கிறிஸ்துமஸுக்கு விற்க. தின்றுவிட்டுத் தெருவையே ரெண்டாக்கின.

அக்டோபர் 12, சனி

குடோனுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். வாசலில் கூட்டம். அட்டைகளில் 'மரபணு விஷம்', 'எங்கள் பிள்ளைகள் சோதனை எலிகளா?' டிவிக்காரர்கள் இரண்டு பேர். நான் அந்தப் பக்கம் போனபோது யாரோ, "இந்தம்மாதான் கண்டுபுடிச்சது" என்றார்கள். கைதட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன். ஆனாலும் மெதுவாகத்தான் போனேன்.

சந்தனமாரி அந்தக் குடோனில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்க்கிறாள். சீல் வைத்ததால் வேலை இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டாள்.

"எக்கா, அந்தச் சோளத்தத் தின்னா செத்துருவாவளா?"

"மாத்துன விதைன்னு சொல்லுதாங்க. தின்னு செத்தவங்கள நான் பாக்கல. காலம் போனா என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. அது என் வேலை இல்ல. நூத்துக்கு ஒண்ணு விடலாம், இதுல ஒண்ணே கால். அவ்வளவுதான் என் வேலை."

"கால் வித்தியாசத்துக்கா என் சோத்துல மண்ணு?"

மகள் தனுஷ்கா அவள் மடியில் இருந்தாள். இருபது மாதம் ஆகிறது. பார்த்தால் பத்து மாதம் என்பார்கள். எடை ஏறவில்லையென்று கோயில் தெரு டிரஸ்ட்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் நிறுத்துப் பார்த்து, ஒரு பாக்கெட் சத்துமாவு கொடுக்கிறார்கள். அதில்தான் பிள்ளை கொஞ்சம் தேறி வருகிறது என்றாள்.

அக்டோபர் 23, புதன்

இரண்டாவது ஆய்வகத்தில் 0.8. மூன்றாவதில் 1.1. ஒரே சோளம்தான். ஆளுக்கொரு எண். இறக்குமதி செய்தவர் வக்கீலை வைத்திருக்கிறார், எதிர்ப்பவர்களும் வைத்திருக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு எண்ணுக்காக மூன்று நாடுகளுக்குக் கடிதம் போகிறது.

மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. மிக்சி ரிப்பேர்.

அக்டோபர் 30, புதன்

மழை.

நவம்பர் 1, வெள்ளி

சந்தனமாரி தீபாவளிப் பலகாரம் கொண்டுவந்தாள். அதிரசம் நன்றாக வந்திருந்தது. நான் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பது கடையில் வாங்கிய கேக். அவள் கொடுப்பது கைவேலை. இந்தக் கணக்கில் நான் என்றும் கடன்காரிதான்.

பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "சம்பளப் பாக்கி கேக்க நேத்து குடோன் பக்கம் போனேங்க்கா. மேக்கூரையில ரெண்டு தகரம் பிரிஞ்சி கெடக்கு. செவுத்துல கை வச்சேன், அடுப்புப் பக்கத்துல வச்சாப்புல இருக்கு. உள்ளருந்து ஒரு வாடை வருது பாத்துக்கிடுங்க, ஊறவச்சு மறந்துபோன மாவு கணக்கா."

தானியம் மூச்சு விடும். ஈரம் ஏறினால் சூடாகும். நாலு நாளைக்கு ஒரு தடவை கிளறிக் காற்றாட விட வேண்டும். சீல் வைத்த கதவை யார் திறப்பது? அதிகாரி திறக்க வேண்டுமென்றால் மனுக் கொடுக்க வேண்டும். அது குடோன்காரர் பாடு. என் மேசைக்கு வருகிற மாதிரியைத்தான் நான் பார்க்க முடியும். அதிரசம் இன்னும் நாலு இருக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

தீர்ந்தது. நாலாவது பரிசோதனையில் 0.9. எல்லோருக்கும் போதும் போதுமென்று ஆகிவிட்டதால் அதையே சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். சோளம் நல்ல சோளம்.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். இறக்குமதிக்காரர் எல்லாத் தாளையும் ஒரே தேதியில் கேட்கிறாராம். பூஞ்சை நஞ்சுச் சான்றிதழ் அக்டோபர் 9 தேதியில் இருக்கிறது, முப்பது நாள் தாண்டிவிட்டது.

"புதுசா மாதிரி எடுக்கணும் சார்" என்றேன்.

"எடுக்கலாம். மழையில ஆள் போகணும், குவியல்ல குத்தூசி செருகி எடுக்கணும், மூணு நாள் ஆகும். அவன் ஒரு மாசமா அழுதுட்டு இருக்கான். அதே லாட்டுதானே குளோரி? அதே குடோன், அதே சோளம். நீ பாத்த சோளம்தானே?"

நான் பார்த்த சோளம்தான்.

பூஞ்சை நஞ்சு: 4. தேதி நவம்பர் 14. முத்திரை. கையெழுத்து.

அதே லாட்தான்.

நவம்பர் 15, வெள்ளி

சீல் உடைத்தார்கள். இறக்குமதிக்காரர் ஆய்வகத்துக்கு மக்ரூன் இரண்டு பெட்டி அனுப்பினார். எனக்கு முந்திரி மக்ரூன் என்றால் உயிர். ஒன்று எடுத்தேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

சோளம் சத்துமாவு அரைக்கிற மில்லுக்குப் போகிறது. விடுவிப்புத் தாளில் மில்லின் பெயர் இருந்தது.

நவம்பர் 20, புதன்

சந்தனமாரிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. முகத்தில் களை வந்துவிட்டது. சாயங்காலம் சாக்கில் ஏதோ தூக்கி வந்தாள். கூட்டி அள்ளின சோளம். தரையில் சிந்தியதைப் பெண்கள் கோழிக்கு எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம், யாரும் கேட்பதில்லை.

"அடியில பூராம் கட்டி கட்டியா கெடக்குக்கா. பச்சையும் கறுப்புமா. நாங்க எட்டுப் பொம்பளைங்க கட்டையால தட்டித் தட்டி உடைக்கோம். உடைச்சி நல்லதோட கலந்து மூட்டை புடிக்கணும்னு மேஸ்திரி சொல்லிட்டாவ. தூசி பாருங்க, மூக்குல போய் தும்மல் நிக்கல."

"துணி கட்டிக்கோ மூக்குல" என்றேன்.

மிக்சி சரியாகிவிட்டது. புளிக்குழம்பு வைத்தேன்.

நவம்பர் 25, திங்கள்

விடிந்ததும் சந்தனமாரியின் குரல். ஒன்பதில் ஆறு வான்கோழிகள் செத்துக் கிடந்தன. மற்ற மூன்றும் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. கால் விரித்தபடி கிடந்த ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஒரு மாசம்கா, ஒரே ஒரு மாசம் தாண்டிருந்தா வித்துருப்பேன்" என்று அழுதாள். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு.

"நீங்க லேப்புலதான இருக்கிய. இத என்னன்னு பாத்துச் சொல்லுங்கக்கா" என்று சாக்கில் மிஞ்சிய சோளத்தை ஒரு சட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே வாடை தெரிந்தது. பத்தொன்பது வருட மூக்கு.

நவம்பர் 27, புதன்

மதிய இடைவேளையில் சோதித்தேன். பூஞ்சை நஞ்சு: 212. கருவியைக் கழுவித் திரும்பவும் போட்டேன். 209.

சாயங்காலம் அவளிடம், "பூஞ்சை. இனிமே அந்தச் சோளத்தக் கோழிக்குப் போடாத" என்றேன். "மருந்து வைக்கலியா அப்போ?" என்றாள். இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டு மூன்று நாளாகப் பேசாமல் இருந்தாளாம். போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று போனாள்.

சாளை மீன் வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது. வறுத்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

சந்தனமாரி காப்பி குடிக்கக் கூப்பிட்டாள். பிள்ளைக்குச் சத்துமாவில் வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கொண்டிருந்தாள். இன்று வாங்கிவந்த புதுப் பாக்கெட். முன்பக்கம் பெரிதாகப் பச்சை முத்திரை: 'மரபணு மாற்றம் இல்லாதது. ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது.'

"பாத்தியளா? ஒங்கள மாதிரி ஆளுங்க பாத்து விட்டதுதான்" என்று சிரித்தாள். பிள்ளை ஒரு உருண்டையை எனக்கு நீட்டியது. நான் வேண்டாம் என்றதும் தன் வாயில் போட்டுக்கொண்டது.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

காப்பியில் சுக்குப் போட்டிருந்தாள். நன்றாக இருந்தது.

டிசம்பர் 2, திங்கள்

சாரிடம் போய் 212 என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"எதுல எடுத்த மாதிரி?"

"தரையில கூட்டி அள்ளினது."

"யாரு எடுத்தா? சீல் இருக்கா? எண் இருக்கா? ரெண்டு சாட்சி இருக்கா? கூட்டி அள்ளினதெல்லாம் மாதிரி ஆகாது குளோரி. நீ படிச்சவ, ஒனக்கு நான் சொல்லணுமா?"

"சார், அதையும் கலந்துதான் மில்லுக்குப் போகுது. பிள்ளைங்க திங்கிற மாவு."

"கலந்தா அளவு குறையும்ல? கொறைஞ்சி போயிருக்கும்." எழுந்து கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார். "அக்டோபர்ல 4. நவம்பர்லயும் 4. ரெண்டுலயும் யாரு கையெழுத்து இருக்கு, கொஞ்சம் யோசி. நான் ஒனக்காகத்தான் சொல்லுதேன்."

எனக்காகத்தான். அதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல்.

இந்த நஞ்சால் நாளைக்கே யாரும் சாகப் போவதில்லை. வான்கோழிதான் உடனே சாகும். பிள்ளைகள் சாகாது. எடை ஏறாமல் நிற்கும், அடிக்கடி காய்ச்சல் வரும். நாற்பது வயதில் ஈரல் கெட்டு ஒருவன் போனால், குடித்திருப்பான் என்பார்கள். எந்த டாக்டரும் ஒரு மழைக்காலத்துச் சோளத்தை நினைக்கப் போவதில்லை. மரபணு என்றதும் அட்டை பிடித்து வந்தார்களே, அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த அட்டைகள் வேறு கப்பலுக்குப் போய்விட்டன.

டிசம்பர் 5, வியாழன்

உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். நான்காம் எண் குடோனில் பூஞ்சை பிடித்த சோளத்தைக் கலக்கிறார்கள், அங்கே கூட்டி அள்ளிய சோளத்தைத் தின்று ஒரு வீட்டில் ஆறு வான்கோழிகள் செத்தன, உடனே மாதிரி எடுக்கவும் என்று. நடந்தது நம்பும்படி இருக்கட்டும் என்றுதான் வான்கோழியைச் சேர்த்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. பத்தொன்பது வருடம் காத்திருந்து வாங்கிய கையெழுத்து. மொட்டைக் கடுதாசி போட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அதிகாரி வந்தாராம். எங்கள் மாதிரி எடுக்கும் பையன்களோடுதான் போனார். குடோனில் முக்கால்வாசி காலி. மிச்ச மூட்டைகளில் வாசல் பக்கம் இருந்த வரிசையில் குத்தூசியைச் செருகி எடுத்திருக்கிறார்கள். எப்போதும் அப்படித்தான். உள்ளே போனால் இருட்டு, மூட்டைமேல் ஏற வேண்டும், சட்டை அழுக்காகும். வாசல் வரிசை எப்போதும் காய்ந்த வரிசை. இது எனக்கு இன்று தெரிந்ததா? பத்தொன்பது வருடமாகத் தெரியும்.

சீல் வைத்த பொட்டலம் முறைப்படி எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. என் மேசைக்கே வந்தது.

டிசம்பர் 12, வியாழன்

11.

மூன்று தடவை பார்த்தேன். 11, 11, 12. பதினைந்துக்குக் கீழே. கூட்ட முடியாது, குறைக்க முடியாது. பொய் சொல்லாத கருவி. நான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மாதிரி தேறாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது தேறிவிட்டது.

கையெழுத்துப் போட்டேன். சார் தோளைத் தட்டினார். அந்த இடம் இன்னும் கூசுகிறது.

டிசம்பர் 13, வெள்ளி

சந்தனமாரியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதிகாரி என் கடிதத்தைக் குடோனில் படித்துக் காட்டியிருக்கிறார். கடிதத்தில் வான்கோழி இருந்தது. எட்டுப் பெண்களில் வான்கோழி வளர்ப்பவள் ஒருத்திதான். குடோன் சரக்கைத் திருடினாள் என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சேலை முந்தானையை உதறிக் காட்டச் சொன்னானாம்.

எனக்கு இதைச் சொன்னது தெருவில் மோர் விற்கிற பெண். சந்தனமாரி சொல்லவில்லை. கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

அவளே வந்தாள். இடுப்பில் பிள்ளை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எக்கா, ஒரே ஒரு கேள்வி. அந்த மொட்டைக் கடுதாசி நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். நம்ம தெருவுல வான்கோழிய வான்கோழின்னு எழுதத் தெரிஞ்ச ஆளு வேற யாரு இருக்கா?" அவள் கோபப்படவில்லை. "நல்லதுக்குத்தான் எழுதியிருப்பிய. விடுங்க. வேற வேலை பாத்துக்கிடுதேன்."

விட்டிருந்தால் போய்விட்டிருப்பாள். விட முடியவில்லை. பிள்ளையின் கையில் உருண்டை இருந்தது, வாயைச் சுற்றி மாவு. சொன்னேன். குடோனின் சோளம் எந்த மில்லுக்குப் போனது, அந்த மில் என்ன அரைக்கிறது, அவள் வீட்டுப் பாக்கெட்டில் எந்த மில்லின் பெயர் இருக்கிறது, எல்லாம் சொன்னேன். பிள்ளையின் கையிலிருந்து உருண்டையைப் பிடுங்கினாள். பிள்ளை வீறிட்டது.

"ஒங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

தரையில் சிந்திய மாவைக் குனிந்து கூட்டினேன்.

"கோழி செத்த வாரம் பாத்தியள்ல? புதன்கெழமை. அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

விரல் விட்டு எண்ணினாள். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. "பத்தொம்பது நாளு. மூணு வெள்ளிக்கெழமை. மூணு பாக்கெட்டு." பிறகு சொன்னாள். "எங்கூட்டுல ஒக்காந்து காப்பி குடிச்சியள. இவ ஒங்களுக்கு நீட்டுனா. நீங்க வாங்கல."

நான் வாங்கவில்லை.

அவள் போன பிறகு இந்த டைரியைத் திருப்பிப் பார்த்தேன். நவம்பர் 27: சாளை மீன். நவம்பர் 29: சுக்குக் காப்பி நன்றாக இருந்தது. என் கையெழுத்துதான். வேறு யார் எழுதினார்கள்?

டிசம்பர் 17, செவ்வாய்

விடியற்காலையிலேயே மீதி இருந்த பாக்கெட்டைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள்.

"இதப் பாத்து எழுதிக் குடுங்க. மொட்டையா இல்ல. பேரு போட்டு, சீல் போட்டு, கையெழுத்துப் போட்டு. டிரஸ்ட்காரங்ககிட்ட நான் காட்டணும். அங்க எம்பது பிள்ளைய வருது."

ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சோதித்தேன். 37. சான்றிதழ்த் தாளில் அடித்தேன். மாதிரி: சத்துமாவு, ஒரு பாக்கெட். கொண்டுவந்தவர்: சந்தனமாரி. முடிவு: தேறவில்லை. முத்திரை குத்தினேன். கை நடுங்கவில்லை. இத்தனை நாளில் போட்ட கையெழுத்துகளில் இது ஒன்றுதான் கையெழுத்து என்று நினைத்தேன்.

தாளைச் சாரிடம் காட்டிவிட்டுத்தான் எடுத்துப் போனேன். அவர் படித்தார். கையை நீட்டினார். முத்திரையை அவர் கையில் வைத்தேன். ஒரு மனிதர் எழுபது நாள் கொடுத்து வைத்த பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். நாளை முதல் வரவேண்டாம் என்றார்.

சந்தனமாரி தாளை வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்தாள். என்னோடு பேசவில்லை. ஆனால் தாளை நிமிர்ந்து வாங்கினாள்.

டிசம்பர் 20, வெள்ளி

காலையில் அவள் டிரஸ்டுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் துணி துவைத்தேன், அரிசி களைந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. எண்பது பிள்ளைகள். இந்நேரம் படித்திருப்பார்கள், இந்நேரம் மில்லுக்குப் போன் போட்டிருப்பார்கள், இந்நேரம் பெட்டிகளைப் பூட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொரு மணிக்கும் நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வந்தாள். உள்ளே வந்து, இந்த முறை உட்கார்ந்தாள்.

"நல்ல மனுசங்கக்கா. பெரிய மேடமே வந்து பொறுமையா படிச்சாவ. எனக்கும் படிச்சுக் காட்டுனாவ. 'ஒரு பாக்கெட்டு கெட்டுப்போயிருக்கும்மா, மன்னிச்சிக்கோ'ன்னாவ. நான் விடல. எல்லாப் பாக்கெட்டும் அந்தச் சோளம்தான், எல்லாத்தையும் நிறுத்துங்கன்னேன். அதுக்கு மேடம் கீழ ஒரு வரியக் காட்டி, 'இதுல அப்படி இல்லியே, லேப்காரங்களே தெளிவா எழுதியிருக்காங்களே'ன்னாவ."

தாளை விரித்து என் முன்னால் வைத்தாள். விரலை அந்த வரியின்மேல் வைத்தாள். படிக்கத் தெரியாதவள் என்பதால் தொடக்கத்தில் வைக்காமல் நடுவில் வைத்தாள்.

இம்முடிவுகள் பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.

நான் அதை அடித்ததே எனக்கு நினைவில்லை. விரலே அடித்துவிட்டது.

"கெட்ட பாக்கெட்ட வாங்கிட்டு வேற குடுத்தாவ" என்றாள். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "எல்லாப் பிள்ளைக்கும் குடுத்தாச்சு. வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறாவ. நான் கத்துனேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அவியகிட்ட தாள் இருக்குல்லா."

புதுப் பாக்கெட். முன்பக்கம் பச்சை முத்திரை. நவம்பர் 29ஆம் தேதி பார்த்துவிட்டு வைத்துவிட்டேன் என்று எழுதினேனே, அதே பின்பக்கத்தைத் திருப்பினேன். மில்லின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் சான்றிதழ் எண், தேதி நவம்பர் 14, ஒப்பமிட்டவர் என்ற இடத்தில் என் பெயர்.

"அதுல என்னக்கா போட்டிருக்கு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

படித்துக் காட்டினேன்.